சங்கற்பப் பத்திரம்: தோட்டத்து டாக்டரும் புத்தாண்டு உறுதியும்

இந்நாட்டுத் தமிழருக்கு ஓராண்டில் புத்தாண்டுகள் பல. ஜனவரி முதல் நாளை அலுவலகமும் பள்ளியும் அறிவிக்கின்றன. சீனர் புத்தாண்டுக்குக் கடைத்தெரு கதவடைக்கிறது. தை முதல் நாளே தமிழாண்டுப் பிறப்பு என்பர் ஒரு சாரார். சித்திரை முதல் நாளே என்பர் மற்றொரு சாரார். தமிழ்நாட்டரசே 2008-ஆம் ஆண்டில் தையெனச் சட்டம் செய்து, 2011-ஆம் ஆண்டில் அச்சட்டத்தை நீக்கிச் சித்திரைக்கு மீண்டது. அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் இங்கே முற்படவில்லை. நாள் எதுவாயினும் அந்நாளில் நிகழும் காரியம் ஒன்று மட்டும் யாண்டும் ஒத்திருக்கிறது. 'இவ்வாண்டு முதல் குடியை விடுவேன், கடன் வாங்கேன், பிள்ளையின் படிப்பைக் கவனிப்பேன்' என்று அவரவரும் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் உறுதியே அது. அவ்வுறுதி எத்தனை நாள் நிற்கிறது என்று கேட்பது நாகரிகமன்று.

இக்காலத்து யோகப் பயிற்சிக் கூடங்களில், கோலாலம்பூரிலும் சரி, லண்டனிலும் சரி, ஆண்டின் தொடக்கத்தில் 'சங்கற்பம்' செய்துகொள்ளுமாறு கற்பிக்கின்றனர். கண்மூடி அமர்ந்து, மூச்சை அமைதிப்படுத்தி, வரும் ஆண்டுக்குரிய உறுதியொன்றை உள்ளத்தே ஊன்றுக என்பது அவர்தம் உபதேசம். இதனை மேல்நாட்டார் கைபட்டு நமக்குத் திரும்பி வந்த புதுமையென நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. இவ்வழக்கம் வந்த பாதைகளுள் ஒன்றைப் பின்னோக்கிப் பிடித்துச் சென்றால், அது செமினிக்கு அண்மையில், சிரம்பான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரி வாயிலில் நம்மைக் கொண்டு நிறுத்துகிறது. அவ்வரலாற்றைக் கூறுதற்கு முன், சங்கற்பம் என்னும் சொல்லின் பொருளைச் சிறிது ஆராய்தல் வேண்டும்.

கோயிலுக்குச் செல்லும் தமிழர் எவரும் சங்கற்பம் என்னும் சொல்லைக் கேட்டிருப்பர். அருச்சனைக்குத் தட்டை நீட்டியதும், அருச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார். பின்னர் வடமொழியில் சில தொடர்கள் ஓடுகின்றன. அறுபதாண்டு வட்டத்தில் நடக்கும் ஆண்டின் பெயர், அயனம், பருவம், மாதம், பக்கம், திதி, கிழமை ஆகியவை முறையே கூறப்படும். மேருமலைக்குத் தெற்கேயுள்ள பாரத கண்டம் எனத் தொடங்கும் இடக்கணக்கும் அம்முறையில் உண்டு. அக்கணக்கு கடல் கடவாத காலத்தில் இந்திய மண்ணில் எழுந்தது. முடிவில் இன்னாருக்கு நோயின்மையும் செல்வமும் ஆயுளும் வேண்டுமென்னும் வேண்டுதல். காலம், இடம், பெயர், வேண்டுதல் நான்கும் செவ்வையாய் அமைந்த பத்திரம் அது. ஆயின் அதனைக் கூறுபவர் ஒருவர், அதற்குரியவர் வேறொருவர். உரியவருக்கோ அதன் பொருள் விளங்குவதில்லை. அவர் எதையும் செய்வதாக அதில் ஒப்புக்கொள்ளவுமில்லை. பெறுதற்குரியவை மட்டுமே அதில் உள.

யோக நூலார் கூறும் உறுதி இதனின் முற்றும் வேறானது. பதஞ்சலி முனிவர் தம் யோக சூத்திரத்தில் எட்டு உறுப்புகளைக் கூறினார். அவற்றுள் முதலாவது இயமம். இன்னா செய்யாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பிறர்பொருள் விழையாது வேண்டாதன சேர்க்காமை என அஃது ஐவகைப்படும். இவ்வைந்தும் பிறப்பாலும் இடத்தாலும் காலத்தாலும் சந்தர்ப்பத்தாலும் வரம்பு கட்டப்படாதவிடத்தே 'மகாவிரதம்' எனப் பெயர் பெறும் என்பது அவர் கருத்து. இதற்கு உரை வகுத்த வியாசர் காட்டும் எடுத்துக்காட்டுகள் சுவை மிக்கவை. மீன் பிடிப்பவன் ஒருவன் மீனை மட்டுமே கொல்வேன், வேறெதையும் கொல்லேன் என்பது பிறப்பால் வரம்பிட்ட விரதம். புண்ணியத் தலத்தில் கொல்லேன் என்பது இடத்தால் வரம்பிட்டது. சதுர்த்தசியன்று கொல்லேன் என்பது காலத்தால் வரம்பிட்டது. தேவர்க்கும் அந்தணர்க்கும் அல்லாது வேறெதன் பொருட்டும் கொல்லேன் என்பது சந்தர்ப்பத்தால் வரம்பிட்டது. இவை யாவும் விரதங்களே. ஆயின் அரைகுறை விரதங்கள்.

இவ்வொரு கருத்தைக் கொண்டு நம் வாழ்க்கையை நோக்குமின். புரட்டாசிச் சனிக்கிழமையில் புலாலுண்ணாதார் நம்முள் எத்தனை பேர்! தைப்பூசத்துக்கு விரதமிருந்து, கள்ளையும் புலாலையும் தொடாது, தரையிற் படுத்து, பத்துமலைக்குக் காவடி எடுத்து வருவார் எத்தனை பேர்! பத்துமலைத் தைப்பூசம் 1892-ஆம் ஆண்டு தொட்டு நடந்துவருகிறது. அவ்விரத நாள்களில் நம்மவர் காட்டும் மனவலிமை எளிதன்று. அலகு குத்திய உடலோடு செங்குத்தான படிகளை ஏறுபவனுக்கு மனவுறுதி இல்லையென்று எவர் கூறுவர்? எனினும் பூசம் கழிந்த மறுவாரமே அவருட் சிலர் பழைய கடை வாயிலில் நிற்பதையும் காண்கிறோம். உறுதி அவரிடம் இருந்தது. அதற்குக் காலத்தால் வேலி கட்டிவிட்டனர். புத்தாண்டு உறுதியின் நோயும் இதுவே. நாளைச் சிறப்பித்தோம், நாளோடு உறுதியும் போயிற்று.

பிறப்பால் வரம்பிடாமை என்பதனையும் நம்மவர் ஊன்றி நோக்கல் வேண்டும். இன்ன குலத்தார்க்கு வாய்மை, இன்ன குலத்தார்க்கு அடிமைத்தொழில் என்று பிரித்துப் பேசுவதற்கு இவ்விடத்தே பதஞ்சலியார் இடம் வைத்திலர். யோகம் கற்கும் உரிமை யாருக்கு என்று பின்வந்தோர் இட்ட தடைகள் வேறு. நூல் கூறும் விரதத்தின் இலக்கணம் வேறு.

இனி, உறுதியை நிலைநிறுத்தும் வழி யாது? பயிற்சி, பற்றின்மை என இரண்டையே அந்நூல் கூறுகிறது. பயிற்சியாவது நெடுங்காலம், இடையறாது, அன்போடு செய்யப்படுவது; அப்பொழுதே அது காலூன்றி நிற்கும். தீய எண்ணம் தாக்கும்போது அதற்கு மறுதலையான எண்ணத்தை வளர்த்தல் வேண்டும் என்பதும் அந்நூலில் உண்டு. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயமும் பயிற்சியையும் பற்றின்மையையும் இணைத்தே பேசுகிறது. ஆயின் அதே அத்தியாயம் சங்கற்பங்களைத் துறந்தவனே யோகி என்றும் கூறுகிறது. இது முரணன்றோ எனின், அன்று. கீதை துறக்கச் சொல்வது, 'இதனால் எனக்கு இன்னது கிடைக்கும்' என்று மனம் போடும் கணக்கை. கோயிலில் நம் பெயரால் கூறப்படும் வேண்டுதல் அவ்வகையைச் சார்ந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. செயலைப் பற்றிய உறுதி வேறு. பயனைப் பற்றிய ஆசை வேறு.

தமிழில் இப்பொருள் புதிதன்று. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இவ்வெட்டுறுப்புகளையும் தமிழிற் பாடினார். அவர் இயமத்தை ஐந்தோடு நிறுத்தாமல் பத்தாக விரித்தார். அவர் சேர்த்தவற்றுள் இரண்டை இங்கே குறித்தல் வேண்டும்: ஒன்று பகுத்துண்ணல்; மற்றொன்று கள்ளை ஒழித்தல். வடநூலார் ஐந்தனுள் இவை தனியே எண்ணப்படவில்லை. தமிழருக்கு எது தேவை என்பதைத் தமிழர் அறிந்திருந்தனர் போலும்! கள்ளைப் பற்றிப் பின்னரும் பேச நேரும்.

நிற்க. கோலாலம்பூரிலிருந்து தெற்கே செல்லும் பழைய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 20 மைல் சென்றால் செமினி. காஜாங்கைக் கடந்து செமினி, பிறகு பெரானாங், மந்தின், அதன்பின் சிரம்பான். இச்சாலையின் இருமருங்கும் ஒரு காலத்தே ரப்பர் மரங்கள் நின்றன. காஜாங் வட்டாரத்தில் 1890-களிலேயே கிண்டர்ஸ்லி சகோதரர் ரப்பரை வணிகப் பயிராக நட்டனர். இந்நாட்டின் முதல் ரப்பர்த் தோட்டங்களுள் ஒன்று அது. அம்மரங்களுக்குப் பால்வெட்டத் தமிழ்நாட்டினின்று கப்பல் கப்பலாக நம்மவர் வந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது; கங்காணி முறை தொடர்ந்தது. வந்தவருட் பலரைக் காட்டுக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. கிள்ளான் நகரில் 1901-ஆம் ஆண்டு முதல் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழித்துக் காட்டிய பின்னரே, மலேரியாவைத் தடுக்க முடியும் என்பது துரைமாருக்கு விளங்கிற்று. தோட்டங்களில் ஆஸ்பத்திரிகள் எழுந்தன.

அத்தகைய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு 1913-ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் குப்புசாமி. திருநெல்வேலியை அடுத்த பத்தமடையில் 1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர். பாய் நெசவுக்குப் பெயர்போன ஊர் அது. எட்டயபுரத்தில் பள்ளிப் படிப்பு, திருச்சியில் கல்லூரி, தஞ்சையில் மருத்துவக் கல்வி. 1909-ஆம் ஆண்டில், தாயார் கொடுத்த 100 ரூபாயை முதலாக வைத்து, 'அம்ப்ரோசியா' என்னும் ஆங்கில மருத்துவ இதழைத் தொடங்கி நான்கு ஆண்டுகள் வரை நடத்தினார். அதன்பின் சென்னையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அங்கிருந்து கப்பலேறினார்.

அக்கப்பற்பயணத்தை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஆசாரமான குடும்பத்தில் பிறந்தவராதலின் கப்பற்சோற்றை உண்ண அவர் உடன்படவில்லை. தாயார் செய்து கொடுத்த இனிப்புப் பண்டங்களையே பயணம் முழுதும் தின்று, நடைப்பிணமாய்ச் சிங்கப்பூரில் இறங்கினார். வியாசர் கூறிய 'பிறப்பால் வரம்பிட்ட விரதம்' இதுதான் போலும்! அவ்வாறு இறங்கியவரே பிற்காலத்தில் எக்குலத்தார்க்கும் எம்மதத்தார்க்கும் கதவு திறந்த நிலையமொன்றை நிறுவினார் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். இடையிலிருந்த பத்தாண்டுகள் மலாயாவிற் கழிந்தவை.

சிரம்பானில் ஐயங்கார் என்னும் டாக்டர் ஒருவர், ஹெரால்ட் பார்சன்ஸ் என்னும் ஆங்கில டாக்டருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். பார்சன்ஸுக்கு உதவியாளர் தேவைப்படவில்லை. ஆயினும் அண்மையிலிருந்த ரப்பர்த் தோட்டத்தின் மேலாளர் ராபின்ஸ் துரையிடம் அவரை அழைத்துச் சென்றார். ராபின்ஸ் மிக்க உயரமும் பருமனும் உடையவர், கோபக்காரர். ஆஸ்பத்திரியைத் தனியாக நடத்த முடியுமா என அவர் கேட்க, இதுபோன்ற மூன்றை நடத்துவேன் என்று விடையளித்தாராம் இளைஞர். 100 வெள்ளிக்குக் குறைந்து ஒப்புக்கொள்ள வேண்டாமென்று அங்கிருந்த நம்மவர் ஒருவர் முன்னரே சொல்லி வைத்திருந்தார். துரை 150 வெள்ளி கொடுத்தார். தம் திறமையில் ஐயமில்லாதவர் பேச்சு அது. பிற்காலத்துத் துறவியின் பணிவை இதில் தேடுவார் ஏமாறுவர்.

ஏறத்தாழ ஏழாண்டுகள் அவர் அங்கே பணிபுரிந்தார். பின்னர் 1920-ஆம் ஆண்டு முதல் மூன்றாண்டுகள் ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவ நிலையத்தில் இருந்தார். ஏழை நோயாளிகளிடம் பணம் வாங்காமல், தம் கையிலிருந்தும் கொடுத்தனுப்பினார் என்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். இக்காலத்தில் அவர் எழுதிய சிறு நூல்களின் பெயர்களை நோக்கினால் அவர் மனம் எப்பக்கம் ஓடிற்று என்பது விளங்கும். வீட்டு மருந்துகளைப் பற்றி ஒன்று. பழங்களும் உடல்நலமும் பற்றி ஒன்று. பேறுகால மருத்துவம் பற்றி ஒன்று. பொதுச் சுகாதாரம் பற்றிய பதினான்கு சொற்பொழிவுகள். நோய்களும் அவற்றின் தமிழ்ப் பெயர்களும் பற்றி ஒன்று. இவ்விறுதி நூல் நம் நெஞ்சைத் தொடுகிறது. நோயாளி தமிழில் முனகுகிறான். மருத்துவ ஏடு ஆங்கிலத்தில் உள்ளது. இரண்டுக்கும் இடையே பாலம் கட்ட வேண்டுமென ஒருவர் எண்ணினார். ஆங்கிலக் கல்வி பெற்ற நம்மவர் எத்தனை பேர் இதனை எண்ணினர்?

நோயுற்று வந்த சாது ஒருவருக்கு அவர் மருத்துவம் செய்தார். அச்சாது 'ஜீவ பிரம்ம ஐக்கிய வேதாந்த ரகசியம்' என்னும் நூலை அவருக்குக் கொடுத்துச் சென்றார். அதைப் படித்த நாள் தொட்டு அவர் உள்ளம் வேறு வழியில் திரும்பிற்று. 1923-ஆம் ஆண்டில் வேலையைத் துறந்து இந்தியாவுக்கு மீண்டார். 1924-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் ரிஷிகேசத்தில் சந்நியாசம் பெற்றார். டாக்டர் குப்புசாமி சுவாமி சிவானந்தர் ஆனார். ஆயினும் டாக்டர் மறையவில்லை. காப்புறுதிப் பணம் கைக்கு வந்ததும், 1927-ஆம் ஆண்டில் லட்சுமண ஜூலாவில் யாத்திரிகர்க்கும் சாதுக்களுக்கும் இலவச மருந்தகம் வைத்தார். 1936-ஆம் ஆண்டில் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவினார்.

அக்கழகத்தார் அன்பர்களுக்கு அனுப்பிய தாள்கள் இரண்டு. ஒன்று சங்கற்பப் பத்திரம், மற்றொன்று நாட்குறிப்பு. புத்தாண்டு தோறும் இவற்றை நிரப்பும் வழக்கத்தைச் சிவானந்தர் ஏற்படுத்தினார். இக்கட்டுரையின் மையம் இவ்விரு தாள்களே.

சங்கற்பப் பத்திரத்தில் ஏறக்குறைய பதினெட்டு வரிகள். நாள்தோறும் ஆசனமும் பிராணாயாமமும் இத்தனை நிமிடம் செய்வேன் என்பது ஒன்று. வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை இரவுச் சோற்றை விட்டுப் பாலும் பழமும் கொள்வேன் என்பது ஒன்று. எனக்கு மிக விருப்பமான நுகர்பொருள் ஒன்றை இத்தனை நாளைக்கு ஒருமுறை விலக்குவேன் என்பது ஒன்று. புகை, சீட்டாட்டம், சினிமா, நாவல் ஆகியவற்றை இத்தனை நாளுக்கு ஒருமுறைக்கு மேல் தொடேன் என்பது ஒன்று. (நாவலைச் சீட்டாட்டத்தோடு சேர்த்தமைக்கு நம் வாசகர் பலர் வருந்துவர், நாமும் வருந்துகிறோம்.) கடுஞ்சொல் சொல்லேன், பொய் சொல்லேன், பகை பாராட்டேன், வருவாயில் ரூபாய்க்கு இத்தனை என அறம் செய்வேன், வாரத்தில் இத்தனை மணி கைம்மாறு கருதாத தொண்டு செய்வேன், விடியலில் இத்தனை மணிக்கு எழுவேன் என்று அது மேலும் செல்கிறது. இறுதியில் பெயர், முகவரி, நாள், கையொப்பம்.

வாசகர் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். எத்தனை நிமிடம், எத்தனை நாள், எத்தனை மணி என்னும் இடமெல்லாம் வெற்றிடம். அளவைக் குரு இடவில்லை, நிரப்புபவனே இடுகிறான். ஐந்து நிமிடம் என்று எழுதினாலும் தடையில்லை. ஆனால் எழுதியபின் அது எண். எண்ணுக்குத் தப்ப முடியாது. 'இவ்வாண்டு நல்லவனாய் இருப்பேன்' என்று கூறுபவன் ஆண்டு முடிவில் நல்லவனாய் இருந்ததாகவே எண்ணிக்கொள்வான். 'நாள்தோறும் ஐந்து நிமிடம்' என்று கையொப்பமிட்டவன் அவ்வாறு எண்ண முடியாது. இரண்டு படிகள் எழுதவேண்டும் என்பதும் விதி; ஒன்று தன்னிடம், மற்றொன்று குருவிடம். ஏனெனில் தளர்ச்சி வந்தால் தன் படியைக் கிழித்துவிடலாம். அடுத்தவர் கையிலுள்ளதைக் கிழிக்க முடியாதன்றோ?

நாட்குறிப்பு இதனினும் கண்டிப்பானது. மாதத்தின் 31 நாளுக்கும் கட்டங்கள். எத்தனை மணிக்கு எழுந்தாய்? எத்தனை மணி உறங்கினாய்? எத்தனை பொய் சொன்னாய், அதற்கு உன்னை எவ்வாறு தண்டித்தாய்? எத்தனை முறை கோபித்தாய், அது எவ்வளவு நேரம் நீடித்தது? வீண் கூட்டத்தில் எத்தனை மணி கழித்தாய்? எப்பண்பை வளர்க்கிறாய்? எத்தீக்குணத்தைக் களைகிறாய்? எப்புலன் உன்னை மிகத் தொல்லைப்படுத்துகிறது? எப்பொழுது படுத்தாய்? மாத முடிவில் இதுவும் குருவுக்குச் செல்லும்.

இத்தாள்கள் எங்கே பிறந்தன? ரிஷிகேசத்தில் என்று கழகத்தார் கூறுவர். அச்சானது அங்கேதான். ஆயினும் இவற்றின் கைவரிசையில் மலாயா தெரிகிறது என்பது நம் கருத்து. நோயாளியின் கட்டிலடியில் தொங்கும் காய்ச்சல் அட்டையை நினைமின். நாள்தோறும் காலையும் மாலையும் அளவு குறிக்கப்படுகிறது. ஏற்றமும் இறக்கமும் கோடாய் விழுகின்றன. டாக்டர் அதைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றுகிறார். கோபத்தைக் காய்ச்சலாகவும் பொய்யைப் புண்ணாகவும் கண்டு அட்டை எழுதியவர் ஒரு டாக்டரே அல்லாமல் வேறு யார்? அதனோடு தோட்டத்துச் செக்ரோலையும் நினைமின். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுகின்றனர்; வந்தவனுக்குப் புள்ளி, வராதவனுக்கு வெற்றிடம்; மாத முடிவில் அப்புள்ளிகளே சம்பளம். ஏழாண்டு தோட்டத்தில் வாழ்ந்தவர் இதனைக் காணாதிருத்தல் இயலாது. பிறர் நம்மைக் கணக்கெடுத்த ஏட்டை, நாமே நம்மைக் கணக்கெடுக்கும் ஏடாக அவர் மாற்றினார் என்று கொள்ளலாம். பதஞ்சலியார் 'இடையறாத பயிற்சி' என்று சொன்னார். இடையறாமல் நடந்ததா என்று அறிவது எங்ஙனம் என்பதற்கு விடை 31 கட்டங்கள்.

சிவானந்தர் 1963-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் மறைந்தார். அதற்குள் அவர் மாணவர் பல திசைகளிலும் சென்றுவிட்டனர். விஷ்ணுதேவானந்தர் 1957-ஆம் ஆண்டில் மேல்நாடு சென்றார். பீகாரில் முங்கேரை நிலைக்களனாகக் கொண்ட சத்தியானந்த சரசுவதி, யோக நித்திரை என்னும் பயிற்சியை வகுத்து, அதன் தொடக்கத்திலும் முடிவிலும் சங்கற்பத்தை மும்முறை உள்ளத்தே கூறுமாறு அமைத்தார். உலகெங்கும் யோகக் கூடங்களில் இன்று சொல்லப்படும் சங்கற்பத்துக்கு இவ்வழி ஒரு பெருவழி. பத்துமலையிலும் சிவானந்தர் பெயரால் ஆசிரமம் எழுந்தது. அவருக்கு முன்னரே இந்நாட்டில் யோகப் பேச்சு இருந்தது என்பதையும் மறைத்தலாகாது. பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்த ஆசிரமத்தை 1904-ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழர் நிறுவினர். விவேகானந்தரின் 'ராஜ யோகம்' அதற்கு எட்டாண்டு முன்னரே அச்சேறியிருந்தது. ஆயினும் தாளும் எண்ணும் கையொப்பமுமாக உறுதியை அமைத்தவர் தோட்டத்து டாக்டரே.

இனி, நம் தடைகளைக் கூறுவோம். கூறாது விடுதல் நேர்மையன்று. இப்பத்திரம் யாருக்காக எழுதப்பட்டது? இரவுச் சோற்றுக்குப் பதில் பாலும் பழமும் என்றால், சோறே குறைவாயிருந்தவன் என் செய்வான்? விடியலில் எத்தனை மணிக்கு எழுவாய் என்று கேட்டால், பெரட்டுக்காக இருளிலேயே எழுந்த தோட்டத்துப் பெண் நகைத்திருப்பாள். அவள் எழும் நேரத்தை அவளா நிரப்பினாள்? மௌன விரதம் என்றால், துரைமுன் வாய்திறவாது நின்றவனுக்கு அது தேவையா? ஓய்வும் ஊதியமும் உடைய படித்த வகுப்பாரை நோக்கியே இப்பத்திரம் பேசிற்று என்பது வெளிப்படை. எண்ணிச் சொல்லப்பட்ட தீய பழக்கங்கள் புகை, சீட்டு, சினிமா, நாவல். திருமூலர் இயமத்திலேயே வைத்த கள்ளுக்கு இங்கே தனி வரி இல்லை. நம் தோட்டங்களிலோ கள்ளுக்கடை நிருவாகத்தின் அனுமதியோடு லயத்துக்கு அருகிலேயே இருந்தது. சம்பள நாளில் கையில் காசும் கண்முன் கடையும் இருந்தால், தனி ஒருவன் இட்ட கையொப்பம் எத்தனை நாள் நிற்கும்?

இக்கேள்விக்குத் தோட்டத் தமிழர் தாமே விடை தேடினர். 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்தம் கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது. துரைமார் எதிர்ப்பட்டால் சைக்கிளினின்று இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது இருந்தது. அவற்றோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் இருந்தது. குடிப்பவர் என இகழப்பட்டவர் தாமே கடையை மூடு என்றனர்! அவர்கள் தலைவர் ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டார். படை வந்தது, ஐவர் உயிர் போயிற்று. போருக்குப் பின் 1947-ஆம் ஆண்டில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். பிடோங் அருகே போலீசார் தாக்குதலில் அங்கும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. அவர்களுள் எவரும் யோக சூத்திரம் படித்திருக்க வேண்டுவதில்லை. ஆயினும் நாளாலும் குலத்தாலும் வரம்பிடாத விரதம் என்று பதஞ்சலியார் எதைக் கூறினாரோ அதற்கு மிக அணுக்கமாய் வந்தவர் அவரே என்போம். அவர்தம் உறுதியின் இரண்டாம் படி குருவிடம் இருக்கவில்லை. உடன் நின்றவர் ஒவ்வொருவரிடமும் இருந்தது.

எண்ணும் தவணையும் சேர்ந்த உறுதி ஒன்றையும் கூறி அமைவோம். 1950-களில் பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினர், பால்வெட்டியவர் வீடிழந்தனர். அப்பொழுது வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, ஆளுக்கு 100 வெள்ளிப் பங்கு சேருங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று வேண்டினார். ஒரே நேரத்தில் 100 வெள்ளி கொடுக்க இயலாதவர் சிறு தவணைகளாகக் கட்டினர். மாதந்தோறும் ஒரு தொகை, மாதந்தோறும் ஏட்டில் ஒரு வரி. எவ்வரியையும் அருச்சகரோ துரையோ அவர்க்காக நிரப்பவில்லை. தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960-ஆம் ஆண்டில் அமைந்தது. மறு ஆண்டில் அச்சங்கம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது.

செமினியைச் சுற்றியிருந்த தோட்டங்களுட் பல இன்று வீடமைப்புப் பகுதிகள் ஆகிவிட்டன. 2005-ஆம் ஆண்டு முதல் ஆங்கிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் கிளையும் இங்கே இருக்கிறது. பெரட்டும் செக்ரோலும் பாட்டிமார் பேச்சில் மட்டுமே உள. நம் நேரத்தைக் கணக்கெடுப்பவை இப்போது கையிலுள்ள தொலைபேசியும், சம்பளப் பிடித்தமும், கடன் அட்டையும். தையிலோ சித்திரையிலோ ஒரு தாளை எடுத்து எழுத விரும்பும் அன்பர், டாக்டரின் பதினெட்டு வரிகளையும் அப்படியே எழுத வேண்டுவதில்லை. கள்ளுக்கு ஒரு வரி, கடனுக்கு ஒரு வரி, பிள்ளையோடு அமர்ந்து தமிழ் படிக்கும் நிமிடங்களுக்கு ஒரு வரி போதும். குரு இல்லாதவர் இரண்டாம் படியை யாரிடம் கொடுப்பது என்று கேட்கலாம். மனைவியிடம் கொடுக்கலாம், அவர் தம்முடையதை உங்களிடம் கொடுக்கட்டும்.